பழுதையும் தமிழில் பேசுவோம்

“என்னடா ஆச்சு கம்ப்யூட்டருக்கு?” என்று ஜொகூரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டார். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய கட்டுரை என் மடிக்கணினிக்குள் இருந்தது. லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தி மறுபடி இயக்கினேன். கறுப்புத் திரையும் மின்னும் ஒரு கோடும்தான் மிச்சம். “கெட்டுப் போச்சும்மா” என்பதற்கு மேல் எனக்குத் தமிழ் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன் நான்!

அன்றிரவு கற்றதைத் தமிழிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

தேக்கா சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். துப்புரவு நாளில் துப்புரவாளர் மட்டும் உள்ளே இருப்பார். விடியுமுன் சரக்கு இறங்கும். வேலை நடக்கும், அலங்காரம் இருக்காது. பிறகுதான் நமக்காகக் கடைகள் முழுதாகத் திறக்கும். லினக்ஸும் எந்த அளவுக்குத் திறக்க வேண்டும் என்பதை ஓர் எண்ணால் குறித்தது. அதுதான் ‘ரன்லெவல்’. ரெட்ஹேட் வழிவந்தவற்றில் 1 என்றால் பழுதுபார்க்கும் நிலை. 3 என்றால் வலைத்தொடர்போடு எழுத்துத் திரை. 5 என்றால் சாளரங்கள் கொண்ட முழுத்திரை. 0 அணைக்கும், 6 மறுபடி தொடங்கும்.

என்னிடமிருந்த பழைய புத்தகம் ‘இனிட்டேப்’ என்ற கோப்பில் அந்த எண்ணைத் திருத்தச் சொன்னது. நண்பர் ஒருவரோ, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார். பக்கத்து அறை அண்ணன்தான், “தம்பி, 3-லயாவது ஏறுதா பாரு” என்றார். தொடக்கப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் 3 சேர்த்தேன். எழுத்துத் திரை வந்தது!

உள்ளே போய்த் தேடினால் இனிட்டேப் கோப்பே இல்லை. 2010-இல் அறிமுகமான ‘சிஸ்டம்-டி’ பழைய முறையின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஃபெடோரா 2011-இலும், டெபியன், உபுண்டு 2015-இலும் அதற்கு மாறின. பழைய 3, 5 இப்போது ‘மல்டி-யூசர் டார்கெட்’, ‘கிராஃபிக்கல் டார்கெட்’. ‘சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்’ என்று கேட்டேன். கிராஃபிக்கல் என்றே பதில் வந்தது. ஆக, நிலையில் தவறில்லை. ‘ஜர்னல்சிடிஎல் -பி’ காட்டிய பதிவில் காரணம் இருந்தது. கெர்னல் புதிது, திரையட்டையின் இயக்கியோ பழைய கெர்னலுக்காக அமைக்கப்பட்டது. தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் திரை வந்துவிட்டது. கட்டுரையை அனுப்பிய பிறகு, புதிய கெர்னலுக்கேற்ற இயக்கியை நிறுவினேன். ஒரு கோப்பையும் அழிக்கவில்லை.

இதைத் தமிழில் யார் சொல்லித் தருகிறார்கள்? 1997-இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழ் எழுத்து திரையில் தோன்றவே பாடுபட்டார்கள். 2000-இல் இங்கு நடந்த தமிழிணைய மாநாட்டில் உத்தமம் அமைப்பு உருவானது. அவர்கள் பெற்றுத்தந்த எழுத்தில் நாம் வாழ்த்தும் கவிதையும் எழுதுகிறோம். கணினி நின்றுபோனால் மட்டும் ஆங்கிலத்துக்கு ஓடுகிறோம்.

பிழைச்செய்தியே ஆங்கிலத்தில்தானே வருகிறது என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கட்டளைகளை மொழிபெயர்க்கும்படி நான் கேட்கவில்லை. ஏன் நின்றது, எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது என்பதைத் தமிழில் விளக்கலாமே! பிறருக்கு விளக்கும்போதுதான் நமக்கே பாதி புரிகிறது.

நம் பேரவை பருவத்துக்கு ஒருமுறை ஒரு பழுதுபார்க்கும் மாலையை நடத்தட்டும். சரிசெய்த ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைப்போம். பதிப்பெண்ணும் ஆண்டும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால், என்னை அலைக்கழித்த பழைய புத்தகத்தைப் போல நாளை அதுவும் ஒருவரை அலைக்கழிக்கும்.

மறுநாள் அம்மாவுக்கு எல்லாவற்றையும் தமிழில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ கம்ப்யூட்டர் கெடலை, அதோட கண்ணாடிதான் பழசு” என்றார். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.