அலாரம் பூட்டினால் போதுமா?

சட்டம் ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே ஒரு வியாபாரமும் வரும். ஹெல்மட் கட்டாயம் என்றால் ஹெல்மட் கடை முளைக்கும். இதில் பிழையில்லை. ஆனால் சட்டம் எந்தக் காரியத்துக்காக வந்ததோ அந்தக் காரியமே வியாபாரத்தில் காணாமல் போய்விடுவதும் உண்டு. பிரான்ஸ் நாட்டின் நீச்சல் தடாகச் சட்டத்தில் எமது வியாபாரிகளுக்கு இந்த வகையில் படிக்க விடயம் இருக்கிறது.

அங்கே வீட்டுத் தோட்டத்தில் தடாகம் வைத்திருப்பது பெரும் பணக்காரர் மட்டுமல்ல. சிறு பிள்ளைகள் அவற்றில் விழுந்து மூழ்குவது தொடர்ந்தபடியால் 2003 ஜனவரி 3ஆம் திகதி சட்டம் கொண்டு வந்தார்கள். நிலத்தில் தோண்டிக் கட்டிய தனியார் தடாகம் ஒவ்வொன்றிலும் பாதுகாப்புச் சாதனம் ஒன்று இருக்க வேண்டும். புதிய தடாகங்களுக்கு 2004 முதல். பழையவற்றுக்கு 2006 ஜனவரி வரை தவணை. வாடகைக்கு விடும் வீடுகளுக்கு மட்டும் தவணை அதைவிடக் குறைவு. மீறினால் 45,000 யூரோ வரை தண்டப்பணம். நிலத்துக்கு மேலே வைக்கும் தடாகங்களையும் காற்றடைத்த தடாகங்களையும் சட்டம் தொடவில்லை. அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளை மூழ்குவதற்கு அந்தத் தண்ணீரும் போதும்.

சட்டம் ஏற்றுக்கொள்ளும் சாதனங்கள் நான்கு: வேலி, தடாகத்தை மூடும் விரிப்பு, முழுவதையும் மறைக்கும் கூரை, அலாரம். நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால் சரி.

இங்கேதான் எனக்குக் குறை தெரிகிறது. வேலி போட்டால் தோட்டத்தின் அழகு போகும், கூரைக்குப் பணம் அதிகம். அலாரமோ ஓரத்தில் பூட்டும் ஒரு சிறிய பெட்டி. பிள்ளை விழும்போது எழும் அலையை உணர்ந்து சைரன் ஒலிக்கும். வீட்டுக்காரர்களில் எத்தனை பேரின் கை முதலில் எதன் பக்கம் போகும் என்பதைக் கடையில் நிற்கும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் வேலி பிள்ளையைத் தண்ணீருக்குப் போக விடாது. அலாரம் ஒலிப்பது பிள்ளை தண்ணீருக்குள் போன பிறகு. கதவை மூடிக்கொண்டு டீவி பார்ப்பவருக்கு அது கேட்க வேண்டும், கேட்டவர் ஓடி வர வேண்டும். அதற்கு இருப்பது சில நிமிடங்கள்தான்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை விழுந்தால் அலாரம் கண்டுபிடிக்க வேண்டும், காரணமின்றி ஒலிக்கக் கூடாது, பிள்ளையால் அதை நிறுத்த முடியாதிருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருந்தது. ஆனாலும் கடைகளில் விற்ற எல்லாப் பெட்டிகளும் அப்படி வேலை செய்யவில்லை. கடைசியில் 2009 ஜூலையில் இந்த வகை அலாரங்களுக்கென்றே தனிக் கட்டளை பிறப்பித்து நிபந்தனைகளை இறுக்கினார்கள். சட்டம் வந்து ஆறு வருடத்துக்குப் பிறகு! அதுவரை வாங்கியவர்கள் பெட்டியில் இருந்த எழுத்தை நம்பித்தான் வாங்கினார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2018இல் செய்தது இதைவிடப் புத்தியான வேலை. புதிதாகக் கட்டும் அல்லது திருத்தும் வீட்டுத் தடாகங்களுக்கு ஏழு சாதனங்களில் இரண்டு இருக்க வேண்டும் என்றார்கள். ஒன்று பிழைத்தாலும் மற்றது இருக்கும்.

ஆனாலும் பிரெஞ்சுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வாசகம் உண்டு. தடாகம் கட்டிக் கொடுப்பவர், பொருத்தியிருக்கும் சாதனம் எது, எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பராமரிப்பது, மூழ்கும் அபாயம் என்ன என்பதை எழுத்தில் வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். எமது பில்களில் பொதுவாக எழுதியிருப்பது "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற ஒரு வரிதான். காஸ் அலாரம், பாதுகாப்புக் கமரா, கேட் பூட்டு விற்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தடாகமுள்ள விடுதிக்கு இப்படியான அலாரம் தேடி யாராவது எம்மிடம் வந்தால், சைரன் கேட்கும் தூரத்தில் இரவும் பகலும் ஆள் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால் அவருக்குக் கொடுக்க வேண்டியது வேலி; தானாக மூடிக்கொள்ளும் கேட்டுடன், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் கொழுக்கி வைத்து.