போத்தல் கள்ளில் பொங்காத மா

போன சனிக்கிழமை இரவு அப்பத்துக்கு மா குழைத்தேன். பச்சையரிசியை ஊறவைத்து இடித்து, கப்பி காய்ச்சி ஆறவிட்டு, ஒரு கோப்பை பனங்கள் விட்டுக் குழைத்து மூடி வைத்தேன். விடியத் திறந்து பார்த்தால் மா வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒரு குமிழ்கூட இல்லை. அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தங்கச்சி, நீர் விட்டது போத்தல் கள்ளோ, மரத்துக் கள்ளோ?"

போத்தல் கள்தான். கள்ளைப் போத்தலில் அடைப்பவர்கள் அதைச் சூடாக்கித்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். இல்லாவிட்டால் போத்தலுக்குள்ளேயே நுரைத்து மூடியைத் தள்ளிவிடும். சூடாக்கிய கள்ளில் மணம் இருக்கும், மதுசாரம் இருக்கும், உயிர் இராது. மாவைப் பொங்க வைப்பது கள்ளுக்குள் வாழும் ஈஸ்ட். அது செத்துப்போன கள்ளை விட்டால் மா எப்படி எழும்பும்?

எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஈஸ்டுக்கு மதுவம் என்று பெயர். மதுவில் பிறந்த அழகான சொல். சோதனைத் தாளில் எழுதியதோடு சரி, வீட்டில் யாரும் அதைச் சொல்லக் கேட்டதில்லை. அம்மம்மா "கள்ளு விட்டால் மா எழும்பும்" என்பார். இரண்டும் ஒரே உண்மைதான் என்று எனக்கு விளங்க எத்தனையோ வருடங்கள் ஆயின.

பாளையைச் சீவியதும் சொட்டும் நீரில் ஈஸ்ட் இல்லை, சர்க்கரைதான் உண்டு, 10 முதல் 15 சதவீதம் வரை. அது பாளையில் கட்டிய முட்டிக்குள் விழுந்த நேரத்திலிருந்து கதை தொடங்குகிறது. முதல் நாள் கள் இருந்த முட்டியை எவ்வளவு கழுவினாலும் மண் சுவரின் நுண்துளைகளுக்குள் ஈஸ்ட் ஒட்டியிருக்கும். பாளைக் கத்தியிலும் இருக்கும். மிச்சத்தை ஈயும் குளவியும் தேனீயும் கொண்டுவந்து சேர்க்கும். ஈஸ்டுக்குச் சிறகில்லை, ஆனால் பழ வாசனையை உண்டாக்கத் தெரியும். அந்த வாசனைக்கு மயங்கி வரும் ஈயின் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த இனிப்பைத் தேடிப் போய்விடும். கள் முட்டியைச் சுற்றி ஈ மொய்ப்பதை அருவருப்போடு பார்த்திருக்கிறோம். அந்த ஈதான் ஈஸ்டுக்கு வண்டி வாகனம்.

கள் வேண்டாம், கருப்பநீர்தான் வேண்டும் என்றால் சீவல்காரர் முட்டியின் உட்சுவரில் சுண்ணாம்பு பூசுவார். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்டும் பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாது. சர்க்கரை சர்க்கரையாகவே இறங்கிவரும், பனங்கட்டியாகக் காய்ச்சலாம். மரம் ஒன்று, பாளை ஒன்று, முட்டியும் ஒன்று. ஒரு கை சுண்ணாம்பில் குழந்தைக்குக் கொடுக்கும் பானமும் தவறணைக்குப் போகும் பானமும் பிரிந்துவிடுகின்றன. நுண்ணுயிர் என்ற சொல்லே கேட்டிராத மனிதர்கள் நுண்ணுயிரை இப்படி ஆண்டிருக்கிறார்கள்.

பிரான்சில் லூயி பாஸ்டர் 1850களின் பிற்பாதியில் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார். நொதித்தல் வெறும் இரசாயன மாற்றம், ஈஸ்டின் உயிருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பெரிய வேதியியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உயிருள்ள ஈஸ்ட் வளர்வதும் சர்க்கரை மதுசாரமாவதும் ஒரே நிகழ்வு என்று 1860இல் அவர் விரிவாக எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளில், திராட்சை மது கெடாமலிருக்க அதை மிதமாகச் சூடாக்கினால் போதும் என்றும் காட்டினார். அந்த முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஈஸ்டின் உயிரை உலகுக்குக் காட்டியவரின் முறையால்தான் என் போத்தல் கள்ளில் இருந்த ஈஸ்டின் உயிர் போயிருந்தது. 1897இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்டை நசுக்கிப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று கண்டு, செய்வது உயிரணுவுக்குள் இருக்கும் நொதியம் என்று நிறுவினார். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கள்ளுக்குள் ஈஸ்ட் தனியாக இல்லை. முதலில் லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பேற்றும். பிறகு ஈஸ்ட் கை ஓங்கும். சக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற இனம்தான் அதில் முதன்மையானது. பாணையும் பியரையும் உண்டாக்குவதும் அதுவே. சர்க்கரையை உடைத்து மதுசாரமும் கரியமிலவாயுவும் தரும். ஒருநாள் கடந்தால் அசிட்டிக் அமில பாக்டீரியா வந்து மதுசாரத்தை வினாகிரியாக்கிவிடும். காலைக் கள், பின்னேரக் கள், அடுத்த நாள் கள் என்று குடிப்பவர் பிரித்துச் சொல்வது இந்த ஆட்சி மாற்றத்தைத்தான். அப்பத்துக்கு நடுவில் இருப்பது வேண்டும், ஈஸ்ட் முழு மூச்சாக வேலை செய்யும் கள்.

மாவுக்குள் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அம்மம்மாவின் கைப்பழக்கம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிகிறது. இந்த ஈஸ்ட் மாப்பொருளை நேராகத் தின்னாது, அதற்குச் சர்க்கரை வேண்டும். அதனால்தான் குழைக்கும்போதே ஒரு கரண்டி சீனி. அரிசியில் கோதுமையைப் போல இழுபடும் பசை இல்லை, உண்டாகும் வாயுவைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் கப்பி காய்ச்சுவது. வெந்த மாவின் கொழகொழப்பு குமிழ்களைத் தாங்கும். உப்பு ஈஸ்டை அடக்கும் என்பதால் அது கடைசியில். தேங்காய்ப்பாலும் காலையில்தான், மா பொங்கிய பிறகு. சட்டியைச் சுழற்றும்போது ஓரத்தில் மெல்லிய பூவேலை விழுவதும், நடுவில் பஞ்சுபோல் கண் கண்ணாகத் திறப்பதும் இரவு முழுக்க ஈஸ்ட் விட்ட மூச்சு. அப்பத்தில் வெறி ஏறுமா என்று சிறுவயதில் பயந்திருக்கிறேன். இருக்கும் கொஞ்சநஞ்ச மதுசாரமும் சட்டிச் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். மணம் தங்கும்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் அப்பச்சோடா. அப்பத்தின் பெயரையே எடுத்துக்கொண்ட அந்தத் தூளும் வாயுவைத் தரும், ஆனால் மணத்தையோ புளிப்பையோ தராது. "சோடா போட்ட மா பொங்கினதில்லை, வீங்கினது" என்பார் அம்மம்மா. பாக்கெட்டில் வரும் உலர் ஈஸ்டை நான் குறை சொல்ல மாட்டேன், அதுவும் உயிருள்ளதே. ஆனால் அது தொழிற்சாலையில் தேர்ந்து வளர்த்த ஒற்றை வகை. முட்டிக் கள்ளில் இருப்பதோ பல ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து குடியிருக்கும் ஊர். இரண்டின் அப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தக் காலத்தில் சில பேக்கரிகளிலும் கள்ளால் மாவைப் புளிக்க வைத்தார்கள், கோவாவின் பாண் அதற்குப் பேர்போனது. (இட்லி மாவையும் ஈஸ்ட் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அதைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு உளுந்தோடு வரும் பாக்டீரியாவுக்கு.)

இதையெல்லாம் எழுதும்போது மனதை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஈஸ்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் மரமேறிகள். அவர்கள் இறக்கிய கள் எங்கள் அடுக்களை வரை வந்தது. அவர்களைப் படலையோடு நிறுத்தினோம். அப்பத்தைக் கொண்டாடிய யாழ்ப்பாணம் அதற்கு உயிர் கொடுத்தவர்களின் தொழிலை இழிவென்றது. அவர்களின் பிள்ளைகள் இன்று படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள் என்றால் அது நியாயம், நல்லதும்கூட. ஆனால் ஏறும் ஆள் குறையக் குறைய முட்டிகளும் குறைகின்றன. போரில் பதுங்குகுழிகளுக்கென்று வெட்டப்பட்ட பனைகள் எத்தனையோ. ஒரு ஊரில் கள் இறக்குவது நின்றால் அந்த ஊர் முட்டிகளில் வாழ்ந்த ஈஸ்டும் சிதறிப் போகும்.

கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் இருக்கிறது. ஈஸ்டைக் கிளிசரோலில் கலந்து, பூச்சியத்துக்குக் கீழ் 80 பாகையில் வைத்தால் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். ஊர் ஊராகப் போய், கள் இறக்குபவரின் பெயரோடும் மரத்தின் விவரத்தோடும், ஒவ்வொரு முட்டியிலிருந்தும் ஒரு துளி எடுத்து வையுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏறுகிற கைகள் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கிழமை அப்பம் சுடுவதானால் காலையில் இறக்கிய மரத்துக் கள் ஒரு கோப்பை வாங்குங்கள், பேரம் பேசாமல். கள்ளைக் கொண்டுவந்து தருபவரை உள்ளே கூப்பிட்டு, முதல் அப்பத்தை அவருக்குக் கொடுங்கள்.