ஒரு முறை வாங்கினால் காதையும் விற்றுவிட்டதாக அர்த்தமா?

ஒரு கடையில் ஒரு டோஸ்டர் வாங்குகிறீர்கள். அடுத்த 18 மாதங்களுக்கு அந்தக் கடை உங்கள் வீட்டுக்கு போன் செய்து மற்ற சாமான்களையும் விற்கப் பார்க்கலாம். "அழைக்காதீர்" பட்டியலில் உங்கள் எண் இருந்தாலும் சரி! "எனக்கு போன் செய்யாதே" என்று அந்தக் கடையிடமே சொன்னால்தான் நிறுத்தவேண்டும். அமெரிக்காவில் 2003-ல் அந்தப் பட்டியல் தொடங்கியபோதே வைத்த விதிவிலக்கு இது.

2004-ல் இன்னொரு யோசனை வந்தது. அத்தகைய பழைய வாடிக்கையாளர்களை மனிதர்களுக்குப் பதில் பதிவு செய்த குரலை வைத்தே அழைக்கலாம் என்று விதியைத் தளர்த்த, கூட்டாட்சி வர்த்தக ஆணையம் முன்வந்தது. மக்களிடம் கருத்து கேட்டார்கள். 13,000-க்கும் மேல் கருத்துகள் குவிந்தன. மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பு. 2006-ல் ஆணையம் பின்வாங்கியது. 2008-ல் வந்த திருத்தம் இன்னும் கடுமை: 2009 செப்டம்பர் 1 முதல், வாடிக்கையாளராகவே இருந்தாலும், எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் விற்பனைக்காகப் பதிவுக்குரலில் அழைக்கக்கூடாது. விமானம் ரத்து போன்ற வெறும் தகவல்களுக்கு இது தடையில்லை.

நிறுவனங்கள் தரப்பு வாதம் என்ன? செலவு குறையும்; வேண்டாதவர் ஒரு பட்டனை அமுக்கி விலகலாம். கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஆளை வைத்து அழைத்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் சம்பளச் செலவு உண்டு. அதனால் வாங்கக்கூடியவர் யார் என்று யோசித்து அழைப்பார்கள். இயந்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலே லாபம். மீதி 999 பேர் எழுந்து ஓடிவந்து போனை எடுத்த நேரம் யார் கணக்கில் செலவு? நிறுவனத்தின் பேரேட்டில் அது வரவே வராது. செலவு குறையவில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

பட்டன் அமுக்குவதும் அப்படித்தான். சாமான் வாங்கிய ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக அமுக்கவேண்டும். கேட்காமல் வந்தவரை வெளியே அனுப்பும் வேலை வீட்டுக்காரர் தலையில்!

"விதி வந்தும் மோசடி அழைப்புகள் நிற்கவில்லையே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஏமாற்றுக்காரன் எந்த விதியையும் மதிப்பதில்லை. ஆனாலும் விதியால் ஒரு லாபம் உண்டு. சம்மதம் தராத ஒருவருக்குப் பதிவுக்குரலில் ஒரு விற்பனை அழைப்பு வந்தால், அதுவே சட்டமீறல். யோசிக்காமல் போனை வைத்துவிடலாம். விதியைத் தளர்த்தினால் நல்ல நிறுவனத்தின் குரலும் திருடனின் குரலும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

இந்தச் சண்டை முடியவில்லை. செயற்கை நுண்ணறிவுக் குரலுக்கும் முன்சம்மதம் வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் தகவல் தொடர்பு ஆணையம் சொன்னது. ஒரு சம்மதம் ஒரே ஒரு விற்பனையாளருக்குத்தான் செல்லும் என்று அதே ஆணையம் கொண்டுவந்த விதியை 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

அன்று 13,000 பேர் மெனக்கெட்டு எழுதியிருக்காவிட்டால்? அடுத்த முறை கருத்து கேட்கும்போது யார் எழுதுவார்கள்?