வீணைப் பெட்டிக்கு எந்தப் பஞ்சு?



ஈஜிபுராவில் சிறுமியர் சிலருக்கு வீணை கற்பித்து, அவ்வருவாயால் குடும்பம் நடத்தும் அம்மையார் ஒருவர் இப்பகுதிக்கு வினா ஒன்று விடுத்துள்ளார். அவருடைய வீணை விரைவில் தஞ்சாவூருக்குச் சென்று திரும்ப வேண்டும். பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த பஞ்சோ பத்தாண்டுகளில் பொடிந்து, பிசினாகி, குடத்தின் மெருகிலும் பற்றிக்கொண்டதாம். மெத்தைக்கு இடும் மென்மையான பஞ்சை நான்கங்குலக் கனத்தில் வாங்கி இடலாமா என்று கேட்கிறார். பார்சல் அலுவலகத்தில் பெட்டிகள் படும் பாட்டை நாள்தோறும் காண்பவனாதலின் துணிந்து கூறுகிறேன்: இட வேண்டா.

மென்மை வேறு, காப்பு வேறு. கையிலுள்ள பெட்டி நழுவினால் ஏறக்குறைய 75 செ.மீ. வீழும். பஞ்சு 1 செ.மீ. மட்டுமே அமுங்கி வீணையை நிறுத்துமாயின், வீணை தன் எடையைப் போல் சராசரி 75 மடங்கு விசையைத் தாங்க நேரும். 3 செ.மீ. அமுங்கி நிறுத்துமாயின் 25 மடங்கே. ஆகவே, அதிர்ச்சி வரும் வேளையில் பஞ்சில் அமுங்குதற்கு இடம் எஞ்சியிருத்தல் வேண்டும். மிக மென்மையான பஞ்சோ, வீணையை வைத்த மாத்திரத்திலேயே முக்காற்பங்கு அமுங்கிவிடும். கையால் அழுத்திப் பார்த்து, “ஆகா, பூப்போல் இருக்கிறது” என்று வாங்குவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

கடைகளில் ‘ஃபோம்’ என்று தரப்படுவது பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஆட்டோ பேயர் 1937-இல் இவ்வகைப் பொருளுக்கு வழி கண்டார். அதற்கு முன் நம்மவர்க்கு வைக்கோலும் இலவம்பஞ்சுமே துணை. சோபா தைப்பவரிடம் சென்று ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று கேளுங்கள். ஒரு கனமீட்டர் பஞ்சு அத்தனை கிலோ எடையுள்ளது என்பதே அதன் பொருள். சொல்வது மெய்தானா என்று தராசிலேயே காணலாம். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனமுள்ள துண்டு 32 ஆயின் ஏறக்குறைய 75 கிராமும், 40 ஆயின் 94 கிராமும் நிற்கும். சுண்ணப்பொடி கலந்து எடையைக் கூட்டுவோரும் உண்டாதலின், துண்டினை நன்கு நசுக்கிவிட்டு, உடனே பழைய உருவை அடைகிறதா என்றும் பார்த்துக்கொள்க.

பழைய பஞ்சு பிசினானதற்குக் காரணம் காற்றிலுள்ள ஈரம். பாலியூரித்தேனில் ஒருவகை, ஈரத்தால் தன் பிணைப்புகள் சிறிது சிறிதாக அறுபட்டு, இறுதியில் உதிர்ந்துவிடுகிறது. பழைய புகைப்படக் கருவிகளின் உள்ளேயும் இந்தக் கறுப்புப் பிசின் தோன்றுவதுண்டு. பொருட்களைச் சுற்றிவரும் வெண்ணிறப் பாலித்தீன் நுரைத்தகடு அவ்வாறு அழிவதில்லை; விலையும் மிகுதியன்று. ஆதலின், எடை தாங்கும் அடிப்பகுதிக்குத் தடித்த பாலித்தீன் தகடும், பக்கங்களுக்கு 32 அல்லது 40 ஃபோமும் இடுவது என் கருத்து. இரண்டிற்கும் வீணைக்கும் இடையே துவைத்த பருத்தித் துணி ஒன்று கட்டாயம் வேண்டும்.

இனி வீணையின் இயல்பைக் கருதுவோம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. எனவே பெட்டியின் மூடி மெட்டுகளையோ தந்திகளையோ குதிரையையோ சிறிதும் அழுத்தலாகாது. குடத்திற்கு அதன் வளைவையொட்டிப் பள்ளம் வெட்டி, தண்டியைக் கீழிருந்து நெடுகத் தாங்குதல் வேண்டும். குடம் மட்டும் அமர்ந்து தண்டி அந்தரத்தில் நின்றால், பேருந்தின் ஒவ்வொரு குலுக்கலும் இரண்டும் கூடுமிடத்தையே தாக்கும். (2017-இல் மேம்பாலப் பணி தொடங்கிய பின் ஈஜிபுராச் சாலையில் சென்றவர்க்குக் குலுக்கலைப் பற்றி யான் விளக்க வேண்டுவதில்லை.) சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியறையில் வைக்கலாம். பஞ்சு வெப்பம் புகுவதைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடாது. வெயிலில் நிற்கும் வண்டியின் பின்பெட்டியில் வைத்தால் மெழுகு இளகிவிடும்.

வீணையைத் தாளின்மேல் கிடத்தி, சுற்றுக்கோடு வரைந்து, அத்தாளைக் கடைக்கு எடுத்துச் செல்க. கோட்டிற்குக் கால் அங்குலம் உள்ளே, நீண்ட கூரிய கத்தியால் வெட்டச் சொல்லுங்கள். ஃபோமைச் சூடான கம்பியால் அறுக்க விடாதீர். அந்தப் புகை நஞ்சு. ஒட்டும்போது ரப்பர்ப் பசையை இரு புறமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் சேர்க்க வேண்டும். நெடி முற்றும் நீங்கும்வரை இரண்டு மூன்று நாள் பெட்டியைத் திறந்தே வைத்திருங்கள். அந்த ஆவி மெருகைக் கெடுக்கும். பிறகு வீணையை ஓர் இரவு உள்ளே வைத்துப் பாருங்கள். அடிப்பஞ்சு காற்பங்கு தாழ்ந்திருந்தால் நன்று. பாதிக்குமேல் தாழ்ந்திருந்தால் இன்னும் உறுதியானதை இடுக.

வீணையைக் கூடியவரை உடன் எடுத்துச் செல்வதே நலம். பார்சலில் அனுப்புவதாயின் ஒன்று அறிக: 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 98-ஆம் பிரிவின்படி, கட்டு குறைபாடுடையது என்று அனுப்புகைக் குறிப்பில் பதிவாகியிருப்பின், அதனால் நேரும் சேதத்திற்கு இரயில்வே பொறுப்பேற்பதில்லை, ஊழியரின் கவனக்குறைவையோ முறைகேட்டையோ நாமே நிரூபித்தாக வேண்டும். அக்குறிப்பில் நம் கையொப்பம் இருக்கும். பலர் அதைப் படியாமலே ஒப்பமிடுகின்றனர். அம்மையார் பெட்டியைத் திறந்து காட்டிப் பதிவு செய்து, புறப்படுமுன் உள்ளும் புறமும் படமெடுத்து வைத்துக்கொள்வாராக. இழப்பு நேரின், பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் 106-ஆம் பிரிவு.