ஒரு சோம்பல் மத்தியானம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையம் வீட்டில் அடுப்படியை ஒழித்துவிட்டு, அக்கடா என்று உட்கார்ந்தேன். டி.வி.யில் 1968-ல் வந்த 'திருமால் பெருமை'. பெரியாழ்வாராக சிவாஜி, ஆண்டாளாக கே.ஆர். விஜயா. எங்க ஊர்க் கதையாச்சே!

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழி விடியலில் அம்மாவோடு திருப்பாவை 30 பாசுரமும் பாடுவேன். கல்யாணமான புதிதில், "பாட்டெல்லாம் எதுக்கு?" என்று ஒரு வார்த்தை விழுந்தது. 20 வருஷம் வாயே திறக்கவில்லை.

அன்று என்னையறியாமல் முணுமுணுத்தேன்.

"அம்மா, உனக்குப் பாடத் தெரியுமா?" என்றாள் மகள்.

சுருக்கென்றது. இவளுக்கு ஒரு தாலாட்டுகூடப் பாடவில்லையே!

இளம் தாய்மார்களே, வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்கு அம்மாவின் குரல் பழகிவிடுகிறது. யார் என்ன சொன்னாலும் பாடுங்கள்.

இப்போது நாங்கள் இருவரும் தினம் ஒரு பாசுரம் பாடுகிறோம். குரல் கம்முகிறது, கம்மட்டுமே!