எலும்பில் படியும் பாகுபாடு: தருமபுரியின் ஃபுளோரைடு நீர்

சுற்றுச்சூழல் மாசு என்றவுடன் ஆலைப் புகையும் சாயக் கழிவும் நம் நினைவுக்கு வருகின்றன. தருமபுரியின் மாசுக்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு, தலைமுறை தலைமுறையாக இம்மாவட்ட மக்களின் பற்களையும் எலும்புகளையும் சிதைத்து வருகிறது. இதை இயற்கையின் கொடுமை என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா என்பதே நமது கேள்வி.

வேதியியல் எளிமையானது. பல்லும் எலும்பும் கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சில் ஆகியவை சேர்ந்த கனிமத்தால் உறுதி பெறுகின்றன. ஃபுளோரைடு அயனி ஏறத்தாழ ஹைட்ராக்சிலின் அளவும் அதே மின்னூட்டமும் கொண்டது. ஆகவே அதன் இடத்தை எளிதில் பிடித்துக்கொள்கிறது. சிறிதளவு இருந்தால் பல்லுக்கு வலு. அளவு மிஞ்சினால், குழந்தைப் பருவத்தில் பற்சிப்பி உருவாகும் செயல்முறையே கெடுகிறது. பற்களில் பழுப்புக் கறையும் குழியும் விழுகின்றன. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தசைநார்கள் சுண்ணாம்பேறி, முதுகெலும்பு விறைத்து, மூட்டுகள் மடங்க மறுக்கின்றன. இந்தச் சேதத்தை மீட்கும் மருந்து இல்லை. தடுப்பு ஒன்றே வழி. நீரைக் கொதிக்க வைப்பதும் உதவாது. ஆவியாவது நீர் மட்டுமே. ஃபுளோரைடு அதே பாத்திரத்தில் இன்னும் அடர்த்தியாகத் தங்கிவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது. ஆனால் உடலுக்குள் சேர்வது லிட்டர் கணக்கு அன்று. குடித்த மொத்த அளவு. 1.5 மில்லிகிராம் உள்ள நீரை நாளொன்றுக்கு 2 லிட்டர் குடிப்பவர் உடலில் 3 மில்லிகிராம் சேரும். கோடை வெயிலில் களையெடுத்தும் செங்கல் சூளையில் உழைத்தும் 5 லிட்டர் குடிப்பவர் உடலிலோ 7.5 மில்லிகிராம். கிணறு ஒன்றே, வரம்பும் ஒன்றே; நஞ்சின் அளவு மட்டும் உழைப்புக்கேற்ப ஏறுகிறது.

உணவிலும் இதே நிலை. கால்சியம் குடலில் ஃபுளோரைடோடு பிணைந்து, அது இரத்தத்தில் கலப்பதைக் குறைக்கிறது. பாலும் கீரையும் கேழ்வரகும் போதுமான அளவு கிடைக்கும் உடல் ஓரளவு தற்காத்துக்கொள்ளும். அரைவயிறு உண்ணும் உடலுக்கு அந்த அரண் இல்லை. நிலம் யாரிடம் இருக்கிறது, கூலிக்கு யார் போகிறார்கள், யார் வீட்டில் பால் மிஞ்சுகிறது என்பவற்றைச் சாதி தீர்மானிக்கும் சமூகத்தில், உயிர்வேதியியலும் சாதியின் வழியே இயங்குகிறது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, ரூ.1,928.80 கோடி மதிப்பீட்டில் நிறைவேறிய அத்திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அது பெரும் சாதனை; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குழாய் பதிப்பதோடு நீதி முடிந்துவிடுவதில்லை. காவிரி நீர் போதாத நாளில் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீர் கலக்கப்பட்டால், திட்டத்தின் நோக்கமே கரைந்துபோகும். குடிப்பதற்கு ஒரு நீர், உலை வைப்பதற்கு வேறு நீர் என்றானால், சோற்றின் வழியே அதே ஃபுளோரைடு வயிற்றுக்குள் போகும்.

குழாயின் கடைக்கோடியில் இருப்பது யார்? ஊருக்கு வெளியே காலனியை ஒதுக்கிவைத்த அமைப்பில், கடைசியாக நீர் சேரும் இடமும் முதலில் நீர் நின்றுபோகும் இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். 1927இல் மகாத் குளத்து நீரை அருந்திப் புரட்சியாளர் அம்பேத்கர் நிலைநாட்டிய உரிமையை, கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்துவதில் பாகுபாட்டைத் தடைசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது கூறு உறுதி செய்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தபோது நாடே அதிர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த அந்த அசுத்தம் செய்தியானது. கண்ணுக்குத் தெரியாமல் எலும்பில் படிவது செய்தியாவதில்லை.

மாசற்ற நீரைப் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. ஜல் ஜீவன் இயக்கம் நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளக்கிறது. எத்தனை வீட்டில் குழாய் இருக்கிறது என்ற கணக்கு போதாது. அந்தக் குழாயில் வருவது என்ன என்ற கணக்கே நமக்குத் தேவை.

ஆகவே நாம் கோருவது இவை. நீர்ப் பரிசோதனை முடிவுகள் ஊராட்சி அளவில் அல்லாமல் குடியிருப்பு வாரியாக, காலனிக்குத் தனியாக, கடைக்கோடிக் குழாயில் எடுத்த மாதிரியோடு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். தொட்டிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கலப்பது நிறுத்தப்பட வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் போதுமான ஃபுளோரைடற்ற நீர் முதலில் காலனிகளுக்கு உறுதி செய்யப்பட வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளுக்குக் கால்சியம் மிகுந்த உணவு வழங்கப்பட வேண்டும். பல் பரிசோதனை ஆண்டுதோறும் நடக்க வேண்டும். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு மாற்றுத்திறனாளி சான்றும் உதவித்தொகையும் அலைக்கழிப்பின்றிக் கிடைக்க வேண்டும்.

பாறையில் ஃபுளோரைடை வைத்தது இயற்கை. அது யார் உடலில் எவ்வளவு சேர வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருப்பது நமது சமூகமும் அரசும். அதை மாற்றுவதும் அவற்றின் கடமையே.