திரை வந்தது, துடைப்பம் போகவில்லை

போடியில் ஏலக்காய் ஏலம் இப்போது கூச்சல் போட்டு நடப்பதில்லை. ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள். விலை திரையில் ஏறுகிறது. அந்தக் காயைப் பறிக்கிற பொம்பளைகளோ வெள்ளன எந்திரிச்சு, சோத்துச் சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி கேரளத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாயத்தான் வீடு. காய் நவீனமாகிவிட்டது, பறிக்கிற கை அப்படியே இருக்கிறது. தொழில்நுட்பம் வந்தால் எல்லாம் மாறிரும் என்கிறவர்களுக்கு நம்ம ஊர் சொல்கிற முதல் பாடம் இது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2011இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் வந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. அப்புறம் ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை, வாத்தியார் கையில் டேப்லெட். இதெல்லாம் கார்ப்பரேட் சதி என்று ஒதுக்குகிற தோழர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏடும் எழுத்தாணியும் மறுக்கப்பட்ட சனம் புதுக் கருவியை வேண்டாம் என்று எப்படிச் சொல்லும்? 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசர், அச்சு எந்திரம் வெள்ளைக்காரன் கொண்டாந்தது என்று தள்ளி வைக்கவில்லை. எந்திரத்துக்குச் சாதி தெரியாது. நீ எந்தத் தெரு என்று ஏடிஎம் கேட்காது. ஆனால் எந்திரம் இருக்கிற அறையின் சாவி மனுசன் கையில் இருக்கிறது. அவனுக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பாடம் போனில் வரும் என்றார்கள். மலையடிவாரத்தில் வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பெரிசு. ஊரடங்கு தளர்ந்ததும் அந்தப் போனும் அய்யாவோடு வேலைக்குப் போயிருச்சு. கோளாறு போன் இல்லாதது மட்டுமா? எந்தப் பிள்ளையிடம் போன் இல்லை என்று சேரிக்குள் நடந்து வந்து கணக்கெடுக்கிற தலைமையும் இல்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தெருவுக்குள் வந்தது எந்திரம் அல்ல, பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் படித்த பெண்கள்தான்.

ஈரோடு மாவட்டம் பெருந்துறை பக்கம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். நம்ம பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததாகப் புகார். 2022 டிசம்பரில் தலைமையாசிரியை கைதானார். அந்த வகுப்பில் ஒரு ஸ்மார்ட் போர்டு மாட்டியிருந்தால் பிள்ளை கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்திருக்குமா? துடைப்பத்தை யாரிடம் கொடுப்பது, மவுசை யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பது ஒரே நாற்காலிதான்.

அந்த நாற்காலியைப் பற்றி அரசு நியமித்த குழுவே பேசிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்டது நீதிபதி சந்துரு குழு. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஒரு பகுதியில் எந்தச் சாதி பெரும்பான்மையோ, அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமையாசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் போடாதே என்றது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை எடு என்றது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று பெயர்ப் பலகையிலேயே தெருவைப் பிரித்து வைத்திருக்கும் நம்ம மாவட்டத்துக்கு இது யாருக்கோ சொன்னதல்ல. 1989 கலவரத்தைப் பார்த்த போடிக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை. ஸ்மார்ட் போர்டு வாங்க அவசரப்படுகிறவர்கள் இந்தப் பரிந்துரை என்றதும் ஏன் பம்முகிறார்கள்?

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். கல்வி உதவித்தொகை இப்போது நேரே மாணவர் கணக்குக்கு வருகிறது. நல்லதுதான், இடையில் பிடுங்க ஆளில்லை. ஆனால் ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் ஒரு எழுத்து. பணம் திரும்பிப் போய்விடும். ஒரு நாள் கூலியை விட்டுட்டு மகளோடு வந்து நிற்கும் ஆத்தாவிடம் "ஸ்கூல்ல போய்க் கேளுங்க" என்கிறோம். பள்ளியில் "பேங்க்ல கேளுங்க" என்கிறார்கள். தலைமையாசிரியர் மனசு வைத்தால், வருசத் தொடக்கத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒப்பிட்டு, எங்கே எதைத் திருத்தணும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஹைடெக் லேப் இதைவிடப் பெரிய வேலை எதைச் செய்துவிடப் போகிறது?

மாற்றம் மேலேயிருந்து இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும், ஒடுக்கப்பட்டவர்களுக்கு உரிய பங்கு வேணும் என்கிறது. கூட்டம் பகலில் நடந்தால் நம்ம ஆத்தாமார் மலையில் இருப்பார்கள். கையெழுத்து மட்டும் வீடு தேடி வரும். ஆகவே முதல் கோரிக்கை, ஜீப் திரும்பிய பிறகு கூட்டம் நடக்கட்டும். இரண்டாவது, கம்ப்யூட்டர் அறை எத்தனை மணி நேரம் திறந்தது, எந்தப் பிள்ளைகள் தொட்டார்கள் என்ற பதிவேட்டை அங்கே சத்தமாக வாசிக்கட்டும். மூன்றாவது, படித்த நம் தோழர்கள் அந்தத் தாய்மாருக்குத் துணையாகப் பக்கத்தில் இருக்கட்டும், அவர்களுக்குப் பதிலாகப் பேசாமல்.

எந்திரம் வரட்டும். சாவியை நாம் கேட்போம்.